ஐவி சிஸ்டர் மூச்சு வாங்கிய இடங்கள்

ஜெஸிந்தாவின் கதையைக் கேட்டு இரண்டு பெண்களுக்கு வேலை போய்விட்டதாம். கோத்தகிரி பஸ் கண்டக்டர் வாயில் கிளம்பிய இந்தச் செய்தி, மழைக்கோட்டு வாங்க வந்த ஒருவர் வழியாகக் குன்னூர் பஜாரில் குடைக்கடை வைத்திருக்கும் நூர் முகமதுவை வந்தடைந்தது. அவர் ஜெஸிந்தாவைத் தெருவில் நிறுத்திச் சொன்னபோது காலை ஒன்பதுகூட ஆகவில்லை.

"ஏனுங்க ஜெஸிந்தாம்மா, கோவிச்சுக்காதீங்க, கேள்விப்பட்டதச் சொல்றேன். அந்த எஸ்டேட்ல பொம்பளைங்க கொழுந்து வெட்டற கத்தரியக் கீழ போட்டுட்டு உங்க கதையக் கேட்டுட்டு நிக்கறாங்களாம். கொழுந்து எடை விழுந்துருச்சாம். சூப்பர்வைசர் போனைப் புடுங்கி வெச்சுக்கிட்டு, ரெண்டு பேர நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டாராம்."

"யாருங்க அந்த ரெண்டு பேரு?"

"அது கண்டக்டருக்கே தெரியலையாம்."

பெயர் தெரியாத அந்த இரண்டு பேருக்கும் ஜெஸிந்தா அங்கேயே நின்றபடி மனதுக்குள் ஆளுக்கொரு முகம் கொடுத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் கொடுத்துவிட்டாள். அவள் அப்படித்தான். தபால்காரர் கேட்டைத் திறந்தாலே யாருக்கு என்ன ஆச்சோ என்று வாசலுக்கு ஓடுகிறவள்.

வயது நாற்பத்தொன்பது. குந்தா மின்நிலையத்தில் பிட்டராக இருந்தவரின் மகள். குன்னூரில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் ஊருக்கு அவள் டீச்சர்தான். மறுத்து மறுத்து வாய் ஓய்ந்துபோய் அதையும் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

பஸ்ஸில் தேயிலைக்குப் போகும் பெண்கள் போனில் பாட்டு வைத்துக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பாட்டு கேட்கிற காது கதையும் கேட்காதா? கதையை எழுதினாள். படித்துப் பதிவு செய்ய ஐவி சிஸ்டர் கிடைத்தார். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி குத்தும்போது பேசிப் பேசியே வலியை மறக்கடித்த குரல். நூர் முகமதுவின் மகன் வாஜித் தன் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு அறையில் கம்பளிகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்து கொடுத்தான்.

தொடக்க விழாவிலேயே முதல் தப்பு. மே மாதம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் ஹாலில் பேனர் கட்டி, சமோசா வாங்கி வைத்து, எஸ்டேட் பெண்களை எதிர்பார்த்து வாசலில் நின்றாள். மே மாதம் கொழுந்து கொட்டுகிற மாதம். ஞாயிறும் வேலை உண்டு. தேயிலை நடுவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது நினைவில்லாமல் போயிற்று. பதினொரு பேர் வந்தார்கள். ஒன்பது பேர் அவள் பள்ளிக்கூடத்து ஆட்கள். மீதி இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

இரண்டாவது தப்பைப் பஸ்ஸில் வைத்து, எஸ்டேட்டில் கொழுந்து வெட்டும் வேலாமணி சொன்னாள். ஜெஸிந்தா முதலில் எழுதியது கொழுந்து கிள்ளும் ஒரு பெண்ணின் கஷ்டம். அட்டைக்கடி முதல் முதுகுவலி வரை ஒன்றும் விடவில்லை.

"நல்லாத்தான் இருக்குதுங்க டீச்சர்," என்றாள் வேலாமணி. "ஆனா நாள் பூரா நாங்க படறத நாங்களே எதுக்குங்க கேக்கோணும்? அட்டை எங்களக் கடிக்கறப்பவே காதுலயும் வந்து கடிக்குது."

பஸ் முழுக்கச் சிரித்தது. ஜெஸிந்தா அன்று இரவு அந்தக் கதையை ஓரம் வைத்துவிட்டு வேறொன்று தொடங்கினாள். மேட்டுப்பாளையம் ரோட்டில் பதினோராவது வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிக் காணாமல் போகும் கல்யாணப் பெண்ணின் கதை. ஒன்பது பகுதி. வேலாமணியின் போனுக்குப் போய், அங்கிருந்து எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகளெங்கும் பரவியது.

அதிலும் முதல் மூன்று பகுதிகளை நினைத்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும். ஐவி சிஸ்டருக்கு ஆஸ்துமா. இரண்டு வரி படிப்பார், நிறுத்துவார், மூச்சை இழுத்து விடுவார், பிறகு அடுத்த வரி. நாலாவது பகுதிக்குள் வாஜித் புதிதாக ஒரு சாப்ட்வேர் பழகிவிட்டான். "அக்கா, இப்பக் கேட்டுப் பாருங்க. ஒரு மூச்சு இல்ல, ஒரு எடைவெளி இல்ல," என்றான். இருபத்திரண்டு நிமிடம் பதினாலாகச் சுருங்கியிருந்தது. ரேடியோவில் வருவது போல இருந்தது. ஜெஸிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்பதாவது பகுதி முடிந்த கையோடு ஐவி சிஸ்டருக்கு மூச்சு முட்டி, வேலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இனிமேல் குரலைப் போட்டு வாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் நூர் முகமது அந்தச் செய்தியைச் சொன்னார். ஜெஸிந்தா நேரே பக்கத்திலிருந்த வாஜித்தின் கடைக்குப் போனாள்.

"வாஜித்து, எல்லாத்தையும் அழிச்சிடு."

வாஜித் ஒரு போனின் முதுகைத் திறந்து வைத்திருந்தான். "எல்லாத்தையுமா? ஐவிம்மா மூச்சோட படிச்ச ஒரிஜினலுமா? வேற எங்கயும் காப்பி இல்லக்கா."

"ரெண்டு பேர் வேலைய முழுங்கின கதை. அதுக்கு ஒரிஜினல் என்ன, காப்பி என்ன. உங்கிட்ட இருந்தா நான் மறுபடி ஆசைப்படுவேன். அழிச்சிடு."

"உங்க இஷ்டம். மத்தியானம் ஒரு கல்யாண வீடியோ ஏத்தணும், டிஸ்க்ல எடமில்லாம முழிச்சுட்டு இருந்தேன். பன்னெண்டு மணிக்குள்ள அழிச்சிட்டு அத ஏத்திடறேன். ஏத்திட்டா அப்புறம் அந்த அல்லாவே வந்தாலும் திரும்ப எடுக்க முடியாது, சொல்லிட்டேன்."

"சரி," என்றாள். பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்பதற்காகக் கோத்தகிரி பஸ் ஏறினாள்.

எஸ்டேட்டின் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டின் மேல் ஓரத்தில், குடையைக் கைத்தடி போல ஊன்றிக்கொண்டு சூப்பர்வைசர் ராஜரத்தினம் நின்றிருந்தார். ஜெஸிந்தா வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

அவர் முழுக்கக் கேட்டார். "யாரையும் நிறுத்தலீங்க. எந்தப் புண்ணியவான் கெளப்பி உட்டதோ. வேலாமணி போனை ஒரு நாள் என் பையில வெச்சிருந்தேன், அவ்வளவுதான். ஆனா எடை கொறஞ்சது நெசம். நாலாம் கதை வந்தப்ப."

"அதனாலதாங்க, இனிமே வராது. எல்லாத்தையும் நிறுத்திடறேன்."

"நிறுத்துங்க. மொத மூணு கதைக்கு எடை கூடுச்சு. அத என்ன பண்ணுவீங்க?" என்றார் அவர். "இப்பவும் மூணாவதத்தான் வெச்சிருக்காங்க. பத்தாவது தடவையோ என்னமோ. நில்லுங்க, பேசாம நின்னு பாருங்க."

சரிவில் ஒன்பது பெண்கள் ஆளுக்கொரு செடி நிரையாக, மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையில் நின்று கத்தரி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பது கத்தரிகளின் சத்தத்தில் பக்கத்தில் பேசினால்தான் கேட்கும். எல்லோருக்கும் மேலே வேலாமணி. பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போன் அவள் இடுப்பில் தொங்கியது. ஜெஸிந்தா அருகில் போனதும்தான் ஐவி சிஸ்டரின் குரல் காதில் விழுந்தது.

"பஸ் பதினோராவது வளைவில் நின்றது. கல்யாணப் பெண் எழுந்தாள்." மூச்சு.

அந்த மூச்சுக்குள் வேலாமணி தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "பஸ்ஸு நின்னுருச்சு. பொண்ணு எந்திரிச்சுட்டா." அடுத்த நிரைக்காரி கத்தரியை ஒரு வெட்டுக்கு நிறுத்திக் காதில் வாங்கிக்கொண்டு, தனக்குக் கீழே இருப்பவளிடம் கொடுத்தாள். "எந்திரிச்சுட்டாளாம்டி, சொன்னனல்ல." அவள் அதற்கும் கீழே. அதற்குள் மேலே ஐவி சிஸ்டர் அடுத்த வரியைப் படித்து, நிறுத்தி, மூச்சை இழுத்தார். இரண்டாவது வரி முதல் வரியைத் துரத்திக்கொண்டு இறங்கியது. கைகள் ஒரு வெட்டுக்கு மேல் நிற்கவில்லை. நிரை கலையவில்லை.

ஜெஸிந்தா எழுதிய பெண் ஒரே நேரத்தில் அந்தச் சரிவு முழுவதும் இருந்தாள். மேல் நிரையில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள். நடு நிரையில் இப்போதுதான் எழுந்திருக்கிறாள். கடைசி நிரையில் இன்னும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கதையில் கண்டக்டர் சொன்ன வேடிக்கைக்கு மேல் நிரை சிரித்து முடித்த பிறகு, அந்தச் சிரிப்பு ஒவ்வொரு நிரையாக இறங்கி, அடியில் இருந்தவளிடம் அரை நிமிடம் கழித்துப் போய் வெடித்தது. கோயிலில் தீபாராதனைத் தட்டு கை மாறுவதைப் பார்த்திருக்கிறாள். நற்கருணைக்கு வரிசை நகர்வதையும் பார்த்திருக்கிறாள். அவற்றைப் பார்க்கும்போது வருகிற அடக்கம் இப்போதும் வந்தது. தன்னை அறியாமல் சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கடைசி நிரையில் இருந்தது ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண். தமிழ் ஒரு கைப்பிடிதான் தெரியும். அவளுக்கு மேலே இருந்தவள் பாதித் தமிழும் பாதி இந்தியும் கையசைப்புமாகச் சொல்ல, அவள் திருப்பி ஏதோ கேட்டாள். அந்தக் கேள்வி இப்போது மேலே ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு நிரையாக ஏறி வேலாமணியிடம் வந்து சேர்ந்தது: "பொண்ணு நகை போட்டிருந்தாளான்னு கேக்குது புள்ள." அடுத்த மூச்சில் வேலாமணி பதில் அனுப்பினாள்: "கவரிங்குன்னு சொல்லு."

கதையில் நகையைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

ஜெஸிந்தா செடிகளுக்கிடையே மெல்ல இறங்கிக் கடைசி நிரைக்கு வந்தாள். தான் யார் என்று சொல்லாமல், கதையில் என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"பொண்ணு போச்சு," என்றாள் அவள். "செருப்பு பஸ்ல. படி மேல வெச்சு போச்சு. கண்டக்டர் பாத்தான், செருப்பு இருக்கு, வரும். நிறைய நேரம் நின்னான். வரலை."

ஜெஸிந்தா எழுதியது, சீட்டில் விட்டுப்போன ஒரு பெட்டி. இரண்டு நாள் யோசித்து எழுதிய பெட்டி. செருப்பைப் படியில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குகிற ஒருத்தி அவளுக்குத் தோன்றவில்லை. அந்தச் செருப்புக்காகக் கண்டக்டர் காத்திருந்ததும் தோன்றவில்லை. யார் மாற்றியது என்று நிரை நிரையாகக் கேட்டுக்கொண்டே ஏறினாள். "எனக்கு வந்ததே அப்படித்தானுங்க," என்றாள் எட்டாவது ஆள். ஏழாவது ஆளும் அதையேதான் சொன்னாள். ஐந்தாவது ஆள், "பொட்டியா? அதெப்படிங்க பொட்டிய உட்டுட்டுப் போவா?" என்று இவளையே திருத்தினாள். மூன்றாவது ஆளுக்கோ அது இன்னும் பெட்டிதான். மூன்றாவது நிரைக்கும் ஐந்தாவது நிரைக்கும் நடுவே எங்கோ அந்தச் செருப்பு பிறந்திருந்தது. யாருக்கும் அது தன்னுடையது என்ற நினைப்பே இல்லை.

வேலாமணியிடம் வந்தபோது ஜெஸிந்தாவுக்கும் மூச்சு வாங்கியது. "அப்ப நாலாவது கதையில மட்டும் என்ன ஆச்சு?"

"அதுல அந்தம்மா மூச்சே உடறதில்லீங்களே, டீச்சர். நான் காதுல வாங்கறதா, கீழ குடுக்கறதா? பாதி கதை போயே போச்சு. எல்லாரும் நிரைய உட்டுட்டு எம்மேல வந்து உழுந்தாளுக. அப்புறம் எடை எங்கிருந்து வரும்?" கத்தரியால் ஒரு வெட்டு வெட்டினாள். "முடிவு என்னாச்சுன்னு இன்னும் ஒருத்திக்கும் தெரியாது. அந்தம்மா மூச்சு உட்டுப் படிச்சது மீதி ஆறும் இருக்குமல்லங்க? அதக் குடுங்க."

ஜெஸிந்தா வாட்ச்சைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்திரண்டு.

"இங்க சிக்னல் எங்க கெடைக்கும்?"

"மேல தண்ணித் தொட்டிகிட்டங்க. ஏனுங்க, என்னாச்சு?"

ஜெஸிந்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈர மண்ணில் இரண்டு இடத்தில் கையூன்றி ஏறினாள். இத்தனை மாதமும் குறை என்று நினைத்து வெட்டவிட்ட அந்த மூச்சுகள், ஒன்பது பேர் நின்று பேசுகிற இடமாக இருந்திருக்கின்றன. அவற்றை இனி ஐவி சிஸ்டராலும் திருப்பித் தர முடியாது. இருப்பது குன்னூர் பஜாரில், ஒரு டிஸ்கில், ஒரு கல்யாண வீடியோவுக்கு முன்னால்.

தொட்டியருகே ஒரு கோடு சிக்னல் வந்தது. வாஜித்தை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். நூர் முகமதுவின் எண் தன்னிடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கீழே சரிவில் ஒரு சிரிப்பு மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை அழைத்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.