ஈஸ்டர் பாட்டில் சாவு மேளம்

1. ஹெட்போனைக் கழற்றினான்

ஈஸ்டருக்கு வெளியாக வேண்டிய பாட்டில் சாவு மேளத்தைப் போட்டு வைத்திருந்தவள் நான். போட்டதோடு விட்டேனா? "எப்படி இருக்கு தம்பி, அசத்தலா இல்ல?" என்று பெருமையாகக் கேட்கவும் செய்தேன்.

எங்கள் தீவின் சூலியா தெருவில், காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில் என் ரெக்கார்டிங் ஸ்டூடியோ இருக்கிறது. பக்திப் பாட்டு, கல்யாண வீடியோ மியூசிக், மிளகாய்ச் சம்பால் விளம்பரம் என்று வராத வேலை இல்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எந்த மைக் வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். அதைக் கடைக்காரனே சொல்லிவிடுவான். நான் டேனியல் கதையைச் சொல்கிறேன்.

டேனியல் ராப் பாடுகிறவன். சபைப் பக்கமே வராத பிள்ளைகள் காதில் எந்நேரமும் ராப்தான் ஓடுகிறது, அதனால் இயேசு உயிர்த்தெழுந்ததை ராப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. வாலிபர் குழுத் தலைவன் சாமுவேலையும் கூட்டிக்கொண்டு வந்தான். பாட்டுக்கு உறுமி மேளம் வேண்டும் என்றான். நம் ஊரில் திருவிழாவோ சாவு வீடோ, ஒரே மாதிரி டீ-சட்டை போட்ட உறுமிக் குழு வராமல் நடக்காது. இளவட்டங்களுக்கு அதில் அப்படி ஒரு பைத்தியம்.

எனக்கோ உறுமி என்றால் எல்லாம் ஒரே சத்தம். தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் சபைக் குடும்பம். எங்கள் சாவு வீடுகளில் கீர்த்தனையும் கீபோர்டும்தான். கம்ப்யூட்டரில் கிடந்த, திரும்பத் திரும்ப ஓடும் பழைய உறுமி லூப் ஒன்றை எடுத்தேன். மெதுவாக, கனமாக, கேட்க ஜோராக இருந்தது. அதையே பாட்டுக்கு அடியில் ஓட்டிவிட்டேன்.

சாமுவேல் தலையாட்டிக்கொண்டிருந்தான். டேனியல் ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

"அக்கா, இது சாவு அடி."

"என்னடா சொல்ற?"

"பொணம் தூக்கும்போது அடிக்கிறது. ஈஸ்டர் பாட்டுல இத போட்டா, கேக்கறவன் எல்லாம் சிரிப்பான்லா."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "சரி, தூக்கிடறேன்" என்று மௌஸில் கை வைத்தேன். அவன் தடுத்தான்.

"இருங்கக்கா. கல்லறையிலதானே கதை ஆரம்பிக்குது? சாவு அடியில ஆரம்பிப்போம். நடுவுல டக்குனு நிறுத்திடுவோம். ஒரே அமைதி. அப்புறம் கல்யாண ஊர்வலத்துக்கு அடிப்பாங்களே, அந்த வேக அடி."

எத்தனையோ ஈஸ்டர் பிரசங்கம் கேட்டவள் நான். அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்த மாதிரி எனக்கு அது ஒருநாளும் புரிந்ததில்லை.

"ஆனா லூப் வேணாங்கா, அதுல உயிர் இல்ல. எங்கப்பா உறுமி இருந்தா..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான்.

2. சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்த உறுமி

தோண்டித் துருவித்தான் விஷயத்தை வாங்கினேன். அவன் அப்பா உறுமிக் குழு நடத்தியவர். இவனும் அதில் வளர்ந்தவன், அப்போது பெயர் தினேஷ். ஞானஸ்நானம் எடுத்து டேனியல் ஆன கொஞ்ச நாளில் அப்பா இறந்துவிட்டார். சாவன்று வீட்டு வாசலில் குழுவே கூடி நின்று அடித்தபோது இவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அடிக்கக் கூடாது என்று எந்தப் பாஸ்டரும் சொல்லவில்லை. அடித்தால் தப்பாகிவிடுமோ என்று இவனாகவே பயந்தான். அன்றோடு அம்மா இவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். உறுமி, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் அம்மா வீட்டில் இருக்கிறது.

"போய்க் கேளேன்டா!"

"கதவத் தொறப்பாங்க. மூஞ்சியப் பாக்க மாட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நம்பரை வாங்கி நானே போன் போட்டேன். அவன் அம்மா சரோஜா அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத யார்கிட்டயும் குடுத்து விடமாட்டேன். நானே கொண்டாறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சொன்னபடி சனிக்கிழமை மத்தியானம் பாலம் தாண்டி வந்தார். மடியில் குழந்தையை வைத்திருப்பது போல உறுமியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதில் விபூதிப் பட்டை, குங்குமம், கயிற்றில் ஓர் எலுமிச்சம்பழம். மகன் எதிரில்தான் நிற்கிறான். பேச்செல்லாம் என்னிடம்.

"ஏர்கோன அடைக்கச் சொல்லுங்க தங்கச்சி. குளிர்ல தோல் தொவண்டுரும்."

சாமுவேல் நல்ல பிள்ளைதான், ஆனால் அவசரக்காரன். டிஷ்யூவை உருவிக்கொண்டு, "அக்கா, இத தொடச்சிட்டு அடிக்கலாமா?" என்றான். சரோஜா அக்காவின் கை உறுமியை இறுக்கியது. போச்சு, எழுந்து போய்விடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"தொடாத, சாம்" என்றான் டேனியல். "அது அப்பாவுக்காக அம்மா வச்சது. அப்படியே இருக்கட்டும்."

சரோஜா அக்கா அவனைப் பார்க்கவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. "இந்தப் பாட்டு என்னதான் சொல்லுதாம்?" என்று என்னைக் கேட்டார்.

ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற நான் டேனியலைப் பார்த்தேன். அவன்தான் சொன்னான். "செத்துப்போனவரு எழுந்துட்டாருன்னு சொல்லுதும்மா. நான் அத நம்பறேன்."

"எழுந்தா நல்லதுதான்" என்றார் அவர், என்னிடமே. "இவங்கப்பா எழுந்து வந்தா மொதல்ல இவன் காதத்தான் திருகுவாரு."

சொல்லிவிட்டு ரெக்கார்டிங் ரூமுக்குள் போய், மைக்குக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே ஆள் இருந்தால் சத்தம் விழும் என்றேன். "சாவு மேளத்த செவுத்தப் பாத்தா அடிப்பாங்க? எதிர்ல ஆள் வேணும்" என்றார். நான் மைக்கைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன்.

3. நீண்டுபோன அமைதி

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் சாமுவேலும். டேனியல் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்தான். அம்மாடி! அந்த உறுமல் ஸ்பீக்கர் வழியாக வந்து என் அடிவயிற்றில் உட்கார்ந்துகொண்டது. அன்று வீட்டு வாசலில் அடிக்காமல் விட்டதையெல்லாம் அந்தப் பையன் இங்கே அடித்துக்கொண்டிருந்தான். சத்தத்தின் லெவல் பார்க்க வேண்டிய நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

சொன்ன இடத்தில் டக்கென்று நிறுத்தினான். நாலு தாளம் இடைவெளி விட்டு வேக அடி வர வேண்டும். நாலும் போயிற்று. எட்டும் போயிற்று. அவன் உறுமியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது.

சாமுவேல் ஸ்டாப் பட்டனுக்குக் கை நீட்டினான். பட்டென்று அந்தக் கையில் ஒன்று போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்போது ஸ்பீக்கரில் சரோஜா அக்காவின் குரல் கேட்டது.

"அடிடா, தினேசு! அடி!"

அடித்தான். கடவுளே, அது அடியா! கண்ணாடி அதிர்ந்தது. சரோஜா அக்கா கண்ணீரும் மூக்குமாக, உட்கார்ந்த இடத்திலேயே காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் கும்பிடுகிற சாமி அந்த ரூமுக்குள் வந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

முடித்துவிட்டு அவன், "அம்மா" என்றான்.

"சாப்ட்டியாடா?" என்றார்.

மிக்ஸ் செய்யும் அன்று சாமுவேல் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "அக்கா, அந்தக் குரல வெட்டிடலாமா? பழைய பேரு. அவங்களும் சபை ஆள் இல்ல. யாராச்சும் கேப்பாங்க."

"கேக்கட்டும்! இயேசு எழுந்த அன்னிக்கு, கல்லறைத் தோட்டத்துல அழுதுட்டு நின்னவள அவரு எப்படிக் கூப்பிட்டாரு? பேரச் சொல்லித்தானே? அதுக்கப்புறந்தானே அவளுக்கு அவரு யாருன்னே தெரிஞ்சிச்சு? நான் வெட்ட மாட்டேன். வேணும்னா வேற ஸ்டூடியோ பாத்துக்க."

சாமுவேல் தலையைச் சொறிந்தான். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டான். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஈஸ்டருக்கு வெளியான பாட்டு பிள்ளைகள் போனிலெல்லாம் ஓடியது. ஈஸ்டர் முடிந்து பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி. சவுண்ட் நான்தான். சபையைத் திரும்பிக்கூடப் பார்க்காத பிள்ளைகள், தலைமுடிக்குச் சாயம் அடித்ததுகள், உறுமிக் குழு டீ-சட்டையோடு வந்ததுகள் என்று நெருக்கித் தள்ளியது. விபூதி பூசிய நெற்றியோடு சரோஜா அக்கா என் மிக்ஸருக்குப் பக்கத்தில். மேடையில் டேனியல் சாவு அடியை நிறுத்தினான். அமைதி. அவன் காத்திருந்தான்.

மண்டபமே சேர்ந்து கத்தியது. "அடிடா, தினேசு!"

சரோஜா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள பேரு இதுங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?"

"பாட்டுல நீங்க கூப்பிட்டதுதாங்கா" என்றேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பாதியில் ஒருத்தர் நின்றுவிட்டால் ஸ்டாப் பட்டனை அமுக்க அவசரப்படாதீர்கள். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கலாம்.