டிரம் சுற்றிய மூலை

நான் மண்ணைச் சோதிக்கிறவள். மண்ணில் என்ன இருக்கிறது என்று லேப் சொன்னால்தான் நம்புவேன், அதுவும் இரண்டு தடவை சோதித்துவிட்டுச் சொன்னால்தான். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவேன். அப்படிப்பட்ட நான் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

பல்லாவரத்தில் மூடிக் கிடந்த ஒரு பழைய டேனரி நிலம். தோல் பதனிட்ட காலத்தில் கொட்டிய குரோமியம் மண்ணுக்குள் இறங்கி, பின்னால் இருந்த வரிசை வீடுகளில் போர் தண்ணீர் மஞ்சளாக வரும். அந்த மண்ணைச் சுத்தம் செய்து பூங்காவாக்கிக் கொடுப்பதுதான் எங்கள் கம்பெனி எடுத்த வேலை. கட்டடங்களை ஏற்கெனவே இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். கெட்ட மண்ணைத் தோண்டி லாரியில் அனுப்பினோம், மீதி மண்ணில் மருந்து கலந்தோம், ஓரமெல்லாம் வெட்டிவேர் நட்டோம். எட்டு மாதம் தாம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தேன். மாமியார் என் ஷூவை வாசலைத் தாண்ட விடமாட்டார்.

கடைசி வாரம். எங்கள் சாம்பிள் எல்லாம் சுத்தம் என்று வந்துவிட்டது, வீட்டுத் தண்ணீர் மட்டும் மஞ்சள் குறையவே இல்லை. "பழைய கறைம்மா, போகப் போகச் சரியாயிடும், ரிப்போர்ட்ட முடிங்க" என்றார் மேனேஜர். நல்ல மனிதர்தான், அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. எனக்கு மனசு ஒப்பவில்லை. மனசு ஒப்பவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுத முடியுமா?

அன்று மதியம் ஒரு மணி இருக்கும். இந்த மாதிரி விஷயமெல்லாம் ராத்திரியில்தான் நடக்கும் என்பார்கள், எனக்கு நடந்தது மண்டையைப் பிளக்கிற வெயிலில். மண்ணில் துளை போடும் மெஷினை ஓட்டுகிற ஏழுமலை அண்ணன் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு கல்லின் மேல் டிபன் பாக்ஸை வைத்துத் திறந்தேன். முதலில் நாற்றம் வந்தது, சுண்ணாம்பும் பச்சைத் தோலும் ஊறின நாற்றம். அப்புறம் சத்தம். பெரிய மரச்சாமான் ஏதோ மெதுவாக உருள்கிற மாதிரி, அதற்குள் தண்ணீர் தளும்பி, ஈரத்துணி மூட்டை ஒன்று மேலே போய்த் தொப்பென்று விழுகிற மாதிரி. ஒரு சுற்று, ஒரு தொப். ஒரு சுற்று, ஒரு தொப். எங்கள் மெஷின் எதுவும் ஓடவில்லை, எழுந்து போய்த் தொட்டே பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், டிபன் பாக்ஸ் மூடி கல்லின் மேல் கடகடவென்று ஆடியது. தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிப் போனது, அந்த இரைச்சலிலும் இது தனியாகக் கேட்டது.

ஓடியிருக்க வேண்டும். ஏனோ சத்தம் வந்த பக்கம் நடந்தேன். நிலத்தின் பின்பக்க மூலை அது. பழைய வரைபடத்தில் ஆபீஸ் ரூம் என்று போட்டிருந்ததால் நாங்கள் துளை போடாமல் விட்ட ஒரே இடம். அங்கே போனதும் சத்தம் நேராக என் காலுக்குக் கீழே இருந்து வந்தது. குனிந்து தரையில் கை வைத்தேன். உள்ளங்கை அதிர்ந்தது.

"இன்னாம்மா, உனக்கும் கேக்குதா?"

தூக்கிவாரிப் போட்டது. வெட்டிவேருக்குத் தண்ணீர் விடுகிற தேவகி அக்கா, கையில் ஹோஸோடு நின்றிருந்தார். பின்னால் வரிசை வீட்டில்தான் குடியிருக்கிறார், கல்யாணமான புதிதில் இதே டேனரியில் வேலை பார்த்தவர்.

"என்னக்கா சத்தம் இது?"

"டிரம்மு. தோல உள்ள போட்டு சுத்துவாங்கல்ல, அந்த மர டிரம்மு. நாலு மாசமா கேட்டுகினு கீது. எங்கூட்டுக்காரராண்ட சொன்னேன், காதுல எண்ண வுட்டுக்கோன்றாரு."

"டிரம் இங்கயா இருந்துச்சு? இது ஆபீஸ் ரூம்னு போட்டிருக்கே?"

"ஆபீஸு அப்பறமா கட்னது. அதுக்கு முன்னாடி டிரம்மு இங்கதான்."

"இத்தன நாளா ஏன்க்கா சொல்லல?"

"யாரு கேட்டீங்க?" என்றார் அக்கா.

அவர் சொல்லி முடித்ததும் சத்தம் நின்றது. நாற்றமும் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அக்கா ஹோஸைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

மேனேஜருக்கு போன் செய்தேன். "சார், பழைய தொழிலாளி ஒருத்தங்க சொல்றாங்க, பின்பக்க மூலைல டிரம் இருந்துச்சாம். ஒரே ஒரு துளை போட்டுப் பார்த்துடலாம் சார்." பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டேன். "ஒண்ணுதான், அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார்.

ஏழுமலை அண்ணன் ஆறடி இறக்கினார், மெஷின் 'ணங்' என்று எதிலோ முட்டியது. சிமெண்ட் மூடி. உடைத்துப் பார்த்தால் கீழே, அந்தக் காலத்தில் டிரம்மின் கழிவுத் தண்ணீர் இறங்கிய ஒரு தொட்டி, நிறைய பச்சையும் மஞ்சளுமான சேறு. ஒரு பக்கச் சுவர் விரிசல் விட்டு, நேராக அந்த வீடுகளின் பக்கம் கசிந்துகொண்டிருந்தது. அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "எப்டிம்மா கரீட்டா இங்க காட்ன?" என்றார். நான் சேற்றில் சாம்பிள் எடுக்கக் குனிந்தேன்.

தொட்டியைக் காலி செய்து, பெயர்த்தெடுத்து, நல்ல மண் போட்டு மூட மூன்று வாரம் ஆனது. மேனேஜர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மழைக்காலம் முடிந்த பிறகு தேவகி அக்கா தன் வீட்டு போர் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "பாரு, கண்ணாடியாட்டம் கீது." லேப் ரிசல்ட்டும் அதையேதான் சொன்னது, இரண்டு தடவை. அந்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நிறைவாகவே இருக்கிறது. டிரம் சத்தம் அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவே இல்லை. பக்கத்தில் போகிற ரயிலின் அதிர்வு காலித் தொட்டிக்குள் எதிரொலித்திருக்கும் என்பீர்கள். என் கணவரும் அதைத்தான் சொன்னார். அந்தத் தொட்டி காலியாக இல்லையே, கழுத்து வரை சேறு.

சரி, அதைக்கூட விட்டுவிடலாம். இப்போது அது பூங்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் சில சமயம் போவேன். வரிசை வீட்டு ஜனங்கள் பின்பக்கக் கேட் வழியாக வந்து, புல்வெளியைக் குறுக்கே கடந்து ஊஞ்சல் பக்கம் போவார்கள். நடந்து நடந்து புல் தேய்ந்து ஒற்றையடித் தடம் விழுந்திருக்கிறது. அந்தத் தடம் தொட்டி இருந்த மூலையிலே ஓரிடத்தில் வளைகிறது, பெரிய உருண்டையான எதையோ சுற்றிப் போகிற மாதிரி. அங்கே மரம் இல்லை, கல் இல்லை, பள்ளம் இல்லை, வெறும் புல். தினமும் நடக்க வருகிற ஒரு சாரிடம் ஏன் வளைந்து போகிறீர்கள் என்று கேட்டேன். "வளைஞ்சா? நேராத்தானேம்மா போறேன்" என்றார். அவர் பிடித்திருந்த நாயும் வளைந்துதான் வந்தது.

போன வாரம் ஒருநாள், யாரும் வருவதற்கு முன்னால், அந்தக் கேட்டிலிருந்து ஊஞ்சலை மட்டும் பார்த்துக்கொண்டு நானே நடந்தேன். இப்படி அப்படித் திரும்பவே இல்லை, அடிக்கு அடி நேராக. போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். பனி ஈரத்தில் என் செருப்புத் தடம் தெளிவாகத் தெரிந்தது. அரைவட்டமாக.