கர்ப்பிணிக்குத் தலை வலித்தால்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் நோயாளியின் முகத்துக்கு முன்னால் அவளுடைய துண்டுச் சீட்டைத்தான் பார்ப்பான். அதில் எழுதியிருக்கும் வார்டு வாசலில் இறக்கிவிட்டால் அவன் கடமை தீர்ந்தது. மாத்தளை ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக எனக்கு இரவு முறை. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் காத்துக் கிடந்து முதுகு வலித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தத் துண்டை எழுதுகிற ஐயாமார் தலை நிமிர்வதே அபூர்வம்.

மசக்கை

விடியும் நேரம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து அழைப்பு. பால்வெட்டுக்காரி செல்லம்மா, ஆறு மாதம். கண் விழித்ததும் மண்டை பிளக்கிற வலி, பிறகு வாந்தி, வெயில் ஏறினால் கொஞ்சம் தணியும் என்று புருஷன் வேலு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் துண்டில் 'மசக்கை' என்று எழுதியிருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் வண்டியில் காத்திருக்கும் நேரமெல்லாம், நர்ஸ்மார் கழித்துப்போட்ட பாடப்புத்தகங்களை அகராதி வைத்துப் படித்தவன். மசக்கை பெரும்பாலும் நாலைந்து மாதத்தில் அடங்கிவிடும், காலைத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மண்டைக்குள் என்னவென்று பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. பிரசவ வார்டில் டாக்டருக்கு அடுத்தபடி வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் துண்டில் இருந்த சொல்லையே பார்த்துத் தன் தாளில் எழுதிக்கொண்டே சொன்னார்: "டிரைவர் வைத்தியம் பார்க்கிற காலமாப் போச்சு. நீ போயி டயருக்குக் காத்தடி."

ஒன்பது மரம்

மூன்று வாரம் கழித்து அதே தோட்டத்து லயக் குடியிருப்பு, அதே செல்லம்மா. மலைச்சரிவில் விழுந்துவிட்டாள். அதற்கு முந்தின நாட்களில் அவள் கத்தி பட்டையைத் தாண்டி மரத்திலேயே இறங்கியிருக்கிறது, ஒரே வரிசையில் ஒன்பது மரம். எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். தோட்டத்து நிர்வாகி துரை நேரில் வந்து ஒவ்வொரு மரத்தையும் குனிந்து பார்த்து, காயத்துக்கு மருந்து பூசச் சொல்லியிருக்கிறார். அவள் கண்ணைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கங்காணி என்னிடம் வந்து நியாயம் கேட்டார்: "மூணு புள்ள பெத்தவளுகளுக்கெல்லாம் ஒத்த மரந்தான் தெரியுது டிரைவரய்யா, இவளுக்கு மட்டும் ரெண்டு தெரியுதாம்."

டிஸ்பென்சரிடம் மன்றாடி, துண்டில் 'கண்' என்று எழுத வைத்தேன். அதுவும் என் முட்டாள்தனம். கண் வார்டு அவளைப் பிரசவ வார்டுக்கு அனுப்பியது, பிரசவ வார்டு கண் வார்டுக்கு. நடுத் தாழ்வாரத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வாந்தி எடுத்தாள். கண் வார்டு நர்ஸ் கதவைச் சாத்துமுன் சொன்னது: "முதல்ல பெத்துட்டு வரச் சொல்லுங்க."

விளக்கு

எட்டாம் மாதம் வலிப்பு வந்து, மூன்றாம் முறையாக அவளை ஏற்றி வந்தேன். கர்ப்ப ஜன்னி என்றார்கள். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதே, எப்படி ஜன்னி என்று கேட்டவர் புதிதாக வந்திருந்த லேடி டாக்டர் ஒருவர்தான். சின்ன விளக்கு ஒன்றைத் தன் கண்ணோடு வைத்து, செல்லம்மாவின் கண்ணுக்குள் வெகு நேரம் பார்த்தார். பிறகு கொழும்புக்கு வண்டி வேண்டுமென்று அவரே என்னிடம் நடந்து வந்தார். "மூளையில கட்டி இருக்கும்போல. கண் நரம்புல இருக்கிற இந்த வீக்கம் நேத்து வந்ததில்ல, இதுக்கு முந்தி யாருமே பார்க்கலையா?"

சாடை

கொழும்பில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள், பிறகு மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். தாயும் மகனும் பிழைத்தார்கள். கட்டி திரும்பி வளர்கிற வகையும் இல்லையாம். ஆனால் இத்தனை நாள் அழுத்தத்தில் கண் நரம்பு இரண்டும் செத்துவிட்டன. முன்பே வந்திருந்தால் பார்வை தங்கியிருக்கும் என்று பெரிய டாக்டர் வேலுவிடம் சொன்னாராம்.

திரும்பக் கொண்டுவந்ததும் நான்தான். வேலு பால் மாவு வாங்க இறங்கிய நேரம், மடியில் கிடந்த பிள்ளையின் மூக்கை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "அவருகிட்ட கேட்டா ராசாவாட்டம் இருக்கான்னுதான் சொல்லுவாரு. நீங்க பொய் சொல்லாம சொல்லுங்கண்ணே, புள்ள யாரு சாடை?"

கர்ப்பிணிக்குக் கழுத்துக்கு மேலேயும் ஏதோ இருக்கிறது என்பது எங்கள் பக்கத்து ஐயாமாருக்கு விளங்க, மூன்று பயணமும் ஒரு பெண்ணின் இரண்டு கண்ணும்தான் செலவாயின.