பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் எங்கள் சமையலறை

குவார்ட்டர்ஸில் எங்கள் வேலி எதுவரைக்கும் போகலாம் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நெய்வேலி நகரியத்தில் குடியிருந்தவர்களுக்கு இது தெரியும். வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் கை எட்டுகிற மட்டும் முள்வேலி போட்டுக்கொள்வோம். உள்ளே பலா, முருங்கை, வாழை. பக்கத்து வீட்டு வேலியில் போய் முட்டாதவரை கேள்வி கிடையாது. என் வீட்டுக்காரர் இதில் மன்னன். கல்யாணமாகி நான் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தபோது துணிக்கொடிவரை இருந்த வேலி, பிள்ளைகள் காலேஜுக்குப் போவதற்குள் தெருவிளக்குக் கம்பத்தைத் தாண்டியிருந்தது. பல்பு மாற்ற வருகிறவர் எங்களிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார், போகும்போது நாலு முருங்கைக்காயோடு போவார்.

பள்ளிக்கூடம் எங்கே, கடை எங்கே, மைதானம் எங்கே என்று பிளாக் பிளாக்காக யாரோ முன்பே கோடு போட்டுக் கொடுத்துவிட்ட ஊர் அது. கோட்டைப் பற்றி யோசிக்கிற வேலையே எங்களுக்கு இருந்ததில்லை. வெளியே வந்து சொந்தமாக வீடு கட்டும்போதுதான் மாட்டிக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினில் ஆபரேட்டராக இருந்தவர். ரிட்டையர் ஆனால் கொஞ்ச மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நகரியத்தை ஒட்டியுள்ள வடக்குத்து ஊராட்சியில் முறையாக அனுமதி வாங்கிய லேஅவுட் ஒன்றில் மனை வாங்கியிருந்தோம். எங்கள் மனைக்குப் பக்கத்தில் கருவேல முள் மண்டிய ஒரு காலி இடம். வரைபடத்தில் அதற்குப் பச்சை அடித்து, பூங்கா என்று எழுதியிருந்தது. மற்ற மனைகளை விற்க அனுமதி கொடுத்ததே அந்த இடத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்ததனால்தான் என்று விற்றவரும் சொல்லியிருந்தார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம்.

முதலில் முள்ளை வெட்டினார். பாம்பு வருமாம். அப்புறம் நாலு முருங்கைப் போத்து நட்டார். ஆடு கடிக்காமலிருக்க வேலி. இந்த அடுக்கு எனக்குப் பழகினதுதான், அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கடைக்கால் போட்டபோது சமையலறை அந்தப் பக்கம் பிதுங்கிக்கொண்டு போயிருக்கிறது, செப்டிக் டேங்க் முழுசாகவே அங்கே இறங்கிவிட்டது. கொத்தனார் கேட்டதற்கு, அங்கே யார் வரப்போகிறார்கள் என்றாராம். தளம் போட்ட பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. முருங்கையை ஒரு நாளில் வெட்டிவிடலாம், தளத்தை என்ன செய்வீர்கள் என்று கத்தினேன். சமையலறை சின்னதாக இருக்கிறது என்று நீதானே குவார்ட்டர்ஸில் காலமெல்லாம் புலம்பினாய் என்று என் பக்கமே திருப்பிவிட்டார்.

பூச்சு வேலை முடிகிற சமயம் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பூங்கா இடத்தில் உள்ள கட்டுமானத்தை அகற்ற வேண்டும், இல்லையென்றால் சீல் வைப்போம். அகற்றாதவரை பணி முடிந்ததற்கான சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் வீட்டுக்குக் கரண்ட் சர்வீஸ் கிடையாது. அதே வாரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கடைசிக் கடிதமும் வந்தது. இங்கேயும் இருக்க முடியாது, அங்கேயும் போக முடியாது. 

எங்கள்மேல் மனு கொடுத்து இதைக் கிளப்பியது வடக்குத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண். சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்ட ஒரு கிராமத்திலிருந்து வந்த குடும்பம். அவளுடைய வீட்டுக்காரர் சுரங்கத்திலேயே கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார். நான் நேரே போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவள் எனக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தாள்.

"உங்க மேல கோவம் இல்லக்கா. எங்க மாமியாரு செத்தப்ப பொணத்த வைக்க எடமில்லாம ரோட்டுல வச்சிக்கினு நின்னோம். பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சிக்கினே இருந்தான். இந்த நகர்ல அந்த எடம் ஒண்ணுதான் மிச்சம்" என்றாள்.

 மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் இதைச் சொன்னால் அவர் இன்னும் முறுக்கிக்கொண்டார்.

அவரோடு ஒரே ஷிப்டில் இருந்த நண்பர் ஒருவர்தான் அந்த யோசனையைக் கொடுத்தார். அந்த இடத்தில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டால் எந்த அதிகாரியும் கடப்பாரையைத் தூக்க மாட்டார், கோயிலோடு சேர்ந்து நம் சுவரும் தப்பித்துவிடும் என்றார். அவர் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் முகம் தெளிவதைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது. நான் சங்கடஹர சதுர்த்தி தவறாமல் விரதம் இருக்கிறவள்.

"செப்டிக் டேங்குக்குக் காவல் இருக்கவா அவரக் கூப்புடுறீங்க?" என்றேன்.

நண்பர் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். என் வீட்டுக்காரர் அந்த டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தார். யோசனையை விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி அளக்க வருகிற அன்று காலையில் வடக்குத்துக்குப் போனால், டேங்க் மூடிக்குப் பக்கத்தில் நாலு செங்கல் மேல் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். மஞ்சள், அருகம்புல், சின்னதாக ஒரு துண்டு. தெருவில் போன ரெண்டு பேர் அதற்குள் கற்பூரம் வேறு ஏற்றியிருந்தார்கள். என் வீட்டுக்காரரைத் திட்டக்கூட என்னால் முடியவில்லை. பயம் அப்படி. சாமி குத்தத்துக்குப் பயப்படுவதா, கடலூரிலிருந்து வருகிற அதிகாரிக்குப் பயப்படுவதா என்றே தெரியவில்லை.

அதிகாரி வயதில் சின்னப் பெண். வரைபடத்தை விரித்து, டேப் பிடித்து அளந்துகொண்டே வந்தவர் பிள்ளையாரைப் பார்த்ததும் நின்றார். செருப்பைக் கழற்றினார். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். ரொம்ப நாளாக என்றார் நண்பர். ஜனங்கள் கும்பிடுகிறார்கள், எடுத்தால் ஊரில் பிரச்சினை ஆகும் என்றும் சேர்த்துக்கொண்டார். அதிகாரி டேப்பைச் சுருட்டத் தொடங்கினார். கோயில் என்றால் தான் கை வைக்க முடியாது, மேலே எழுதிக் கேட்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

எதிர்வீட்டுப் பெண் அதுவரை தன் வாசலில் நின்றிருந்தாள். சாமியை எடு என்று அவள் வாயால் சொன்னால் தெருவே அவள்மேல் பாயும். நண்பர் கணக்குப் போட்டதும் அதைத்தான். அவள் வந்தாள். பிள்ளையார் முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"மேடம், மைன்ஸுக்கு எங்க ஊரு போனப்ப அம்மன் கோயிலையே பேத்து எடுத்துக்கினு வந்தோம். அவ்ளோ பெரிய கோயிலு. இவரு எந்த மூலைக்கு? கையிலயே தூக்கிக்கினு போலாம். எங்க வூட்டுலயே வச்சிக் கும்புடுறேன்" என்றாள்.

கற்பூரம் ஏற்றியவர்களே தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர் அவளிடம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். அவர் முகம் செத்துப்போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் மெஷின் ஓட்டியது அந்தப் பக்கம்தான். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் கீழே வீடு இடித்த குட்டிச்சுவர்கள் தெரியும் என்று என்னிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார்.

"கோயில மாத்த ரொம்ப நாளு ஆச்சாம்மா?" என்றார்.

"கோயிலுக்கு ஒரே நாளுதாண்ணே. நாங்கதான் இன்னும் மாறிக்கினே இருக்கிறோம்."

அவர் குனிந்து பிள்ளையாரைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். நண்பர் எப்போது போனார் என்று நான் கவனிக்கவில்லை. அதிகாரி மறுபடியும் டேப்பை இழுத்து அளந்து, வெளிச்சுவர் எங்கே நிற்கலாமோ அங்கே சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு சமையல் மேடைக்கு நடுவில் போனது. டேங்க்கை மூடிவிட்டு முன்பக்கம் தோண்ட வேண்டும், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதையெல்லாம் எடுத்தால் சான்றிதழ் தருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாளே சுவரை இடிக்க ஆள் வந்தது. என் வீட்டுக்காரர் மற்ற வேலைகளுக்கு நின்ற மாதிரியே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். முதல் அடியில் ஜன்னல் பக்கம் விரிசல் விட்டது. ரெண்டாவது அடியில் நான் ஆசையாகப் பார்த்து வாங்கிய டைல்ஸ் பொலபொலவென்று கொட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. காலமெல்லாம் மண்ணை வெட்டிய மனுஷன், அந்த ரெண்டு அடிக்கே மணல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தம்மா வாசல்ல நிக்குதா?" என்றார்.

பார்த்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஜெயித்த முகம் இல்லை அது. நிக்கிறாங்க என்றேன்.

"உள்ள போவச் சொல்லு. மறுபடியும் ஒரு வூடு இடிக்கிறத அது பாக்க வாணாம்."