மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் உட்கார வைத்தார்

இதைச் சபையில் சொல்ல மூன்று தடவை எழுந்தேன். மூன்று தடவையும் அழுதுவிட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அழுகை அதைவிடச் சட்டென்று வரும். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துக் காட்டுங்கள். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்பதுதான் செய்தி. ஆனால் அவர் கேட்காமல் விட்ட ஜெபம் ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல எனக்கு வராது.

எங்கள் லயத்து வீடு டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். அப்பா இறந்தபின் அம்மா, நான், தங்கை லேயாள், மூன்று பேர்தான். லேயாளுக்குப் பதினாறு வயதில் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. ஆடி மாதத்து மழையில் அவளைக் கொழுந்து லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். லொறி கிளம்பும்போது அம்மா ஓடி வந்து, ஒரு போத்தல் தேத்தண்ணியும் துணியில் கட்டிய ரொட்டியும் என் மடியில் வைத்தார்.

"கிருபை, புள்ளைய வெறும் வயித்தோட படுக்க வச்சிராதடி."

நம் ஆட்கள் அப்படித்தான். மலைக்கு வேலைக்குப் போகிறவளையே வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டோம். கத்திக்குப் போகிறவளை அனுப்புவோமா?

காலையில் வார்டு நர்ஸ் மிஸி வந்து, ஆபரேஷன் முடியும்வரை எதுவும் கொடுக்காதே என்றார். சிங்களத்தில்தான் சொன்னார், எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று இன்று சாக்குச் சொல்ல மாட்டேன். அவர் போனதும் லேயாள் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, வாயெல்லாம் காயுது. ஒரே ஒரு வாய்."

அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு ஆறிப்போன தேத்தண்ணியைக் கொடுத்தேன். ரொட்டியையும் பிட்டுக் கொடுத்தேன். ஆசையாகத் தின்றாள். தள்ளுவண்டி வந்தபோது மிஸி திரும்பவும் கேட்டார், ஏதாவது கொடுத்தாயா என்று. ஏசுவாரே என்ற பயத்தில் சொன்னேன்:

"இல்லீங்க மிஸி. ஒண்ணுமே குடுக்கல."

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. லேயாளை வெளியே கொண்டுவந்து நடைபாதையில் விட்டார்கள். அவள்மேல் ஈதர் மயக்க மருந்து வாடை அடித்தது. இரண்டு வார்டுக்கு ஒரே மிஸி. என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு ஓடினார். லேயாள் மல்லாந்து கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் குமட்டினாள். வாய்க்குள் வந்தது திரும்ப உள்ளே போனது. நான் முந்தானையால் உதட்டைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கமாகத் திருப்பிப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஐயோ, தெரியாதே! முகம் நீலமானதும் கத்தினேன். மிஸி ஓடி வந்தார். "ஆண்டவரே, அவளைத் தாரும், அவளை மட்டும் தாரும்" என்று தரையில் விழுந்தேன். அவர் தரவில்லை. வயிற்றிலிருந்தது நெஞ்சுக்குள் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார்.

அடக்கத்தன்று அம்மா எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிச் சொல்லி அழுதார். "எம்புள்ள பசியோட போகலங்க. நான் ஊத்திக் குடுத்த தேத்தண்ணி அவ வயித்துல இருந்துச்சு." அவருக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான். அதை நான் எப்படிப் பிடுங்குவேன்? வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் தேயிலை மலையில் கூடையோடு நின்று ஒரே ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, மயக்கத்துல கெடக்குறவங்க பக்கத்துல என்னைய உக்கார வையும்." எட்டாவது வரை படித்திருந்தேன். அரசாங்க நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்றார்கள். தோட்டத்து ஆட்கள் நம்மில் யாரிடம் இருந்தது? இங்கேயே பிறந்தவள் என்றேன். தாளைத் திருப்பித் தந்தார்கள். அன்று ஆண்டவரோடு சண்டை போட்டேன், ஒரு மாதம் ஜெபிக்கவே இல்லை.

பிறகு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தரை கழுவ ஆள் கேட்டார்கள். போனேன். தரை கழுவினேன், ஈதர் முகமூடி கழுவினேன். இரண்டு வருடம் கழித்து, பத்திரம் கேட்காமல், அங்கேயே பயிற்சியில் சேர்த்தார்கள். கடைசியில் எனக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? ஆபரேஷன் முடிந்தவர்களை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்து, நாடி பார்த்து, கண் விழிக்கும்வரை நகராமல் உட்கார்ந்திருப்பது. நான் கேட்டது அப்படியே கிடைத்தது, ஸ்தோத்திரம்.

ஆனால் மனதுக்குள் பொய் அப்படியே கிடந்தது. ஒரு காலை ராகலையிலிருந்து செல்லம் என்ற பெண் ஆபரேஷனுக்கு வந்தாள், கூட அவள் மாமியார். ஏதாவது கொடுத்தீர்களா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஐயய்யோ இல்லீங்க மிஸி! பச்சத்தண்ணிகூடக் குடுக்கல."

நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. என் குரலையே கேட்டதுபோல் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏசினால் இன்னும் இறுக்கி மறைப்பார் என்றும் தெரிந்தது. "ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும்" என்று மட்டும் வேண்டினேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அம்மா, நானும் இப்பிடித்தான் பொய் சொன்னேன். என் தங்கச்சி செத்துட்டா. என்னாலதாம்மா செத்தா."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனுஷியிடம் அதைச் சொன்னேன். அந்த அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். "ரெண்டு ரொட்டி குடுத்தேங்க மிஸி. பாவம், புள்ள பசிங்குதேன்னு." டாக்டர் ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளினார். மறுநாள் செல்லம் என் கைக்குள் கண் விழித்தாள்.

அந்த வாரமே லீவு எடுத்து வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "அப்ப நான் குடுத்துவிட்டதுதானாடி?" என்றார். "இல்லம்மா, என் பொய்தான்" என்றேன். அம்மா என் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டார். "இத்தன வருசமா ஒத்தையிலயாடி சொமந்த, பாவி மகளே?"

லேயாள் திரும்பி வரவில்லை. அந்தக் காயம் ஆறவும் இல்லை. ஆறிவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். ஆனாலும் சகோதர சகோதரிகளே, உள்ளே பூட்டி வைத்திருப்பதை ஆண்டவரிடம் கொண்டுபோங்கள், திட்டியாவது கொண்டுபோங்கள். அதைச் சொல்லவேண்டிய மனுஷரிடம் சொல்லப் பெலன் தருவார். எனக்கே தந்தார்.

இப்போது நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வாசலிலேயே அம்மா கேட்பது ஒன்றுதான்:

"இந்தத் தடவ எத்தன புள்ளைங்க முழிச்சாங்க?"