நடந்துகொண்டே வாசிக்க ஓர் அக்கார்டியன்

ஹில்டாவுக்கு நாற்பத்திரண்டு வயது. காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் விடுதி அலுவலகத்தில் வேலை. வீடு அனகாபுத்தூரில், ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில். வாரம் முழுக்க அறைச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்தில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டால் போதும், அந்த வாரத்துக் களைப்பெல்லாம் போய்விடும். பதினெட்டு வயதில் தானாகக் கற்றுக்கொண்டது. இன்றுவரை அந்த ஆலயத்துக்கு அவள்தான் வாசிக்கிறாள்.

ஆனால் வருடத்தில் ஒரு நாள் அவளுக்கு அங்கே வேலையே இல்லாமல் போகும். அது குருத்தோலை ஞாயிறு. அன்று ஆலயமே ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும். கீபோர்டு எப்படி நடக்கும்? ஒரு வருடம் அதை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, பேட்டரி வைத்துப் பார்த்தார்கள். ஆட்டோ அவ்வளவு மெதுவாக ஓடாது என்று டிரைவர் கையை விரித்துவிட்டார். இசை ஒரு தெருவிலும் பாட்டு அடுத்த தெருவிலுமாகப் போனது. போன வருடம் எந்தக் கருவியும் இல்லை. முன்னால் போன பாட்டுத் தலைவர் அசரியா அண்ணன் பாட்டை எடுத்தார். முன்வரிசை இரண்டாம் சரணத்துக்குப் போனபோது பின்வரிசை பல்லவியிலேயே நின்றது. மாடியில் நின்ற இரண்டு பையன்கள் சிரித்துச் சிரித்துப் படம் பிடித்தார்கள். வெறும் ஓலையோடு நடுவில் நடந்த ஹில்டாவுக்கு முகம் சுட்டது. அடுத்த பவனியில் எப்படியாவது நடந்துகொண்டே வாசிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

அதற்கு ஒரே வழி அக்கார்டியன். மார்பில் மாட்டிக்கொள்ளலாம், மின்சாரம் வேண்டாம், தெருக்கோடி வரை கேட்கும். ஒரு வருடம் முழுக்க மின்சார ரயிலில் போகும்போதும் வரும்போதும் போனில் அக்கார்டியன் வீடியோதான் பார்த்தாள். பழையது வாங்கும்போது எதை இழுத்துப் பார்க்க வேண்டும், எதை முகர்ந்து பார்க்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். முப்பதாயிரம் சேர்ந்தது. பவனிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது குரோம்பேட்டையில் லோகநாதன் என்பவர் பழைய வாத்தியங்களை வாங்கி விற்கிறார் என்று தெரியவந்தது.

அலுவலகத் தோழி கீதாவையும் கூட்டிக்கொண்டு போனாள். கீதா பம்மல்காரி. இசையில் ஒன்றும் தெரியாது, ஆனால் பேரம் பேசுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"இத பாரு ஹில்டா, எது புடிச்சாலும் மூஞ்சில காட்டாத. காட்டுனியோ, அவன் ரேட்ட ஏத்திடுவான்" என்று பஸ்ஸிலேயே பாடம் நடத்தினாள்.

லோகநாதனின் மாடி அறையில் தபலாவும் கிடாரும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. "வாங்க மேடம். அக்கார்டியன் யாருக்கு, பையனுக்கா?" என்றார்.

"எனக்குத்தான்."

"உங்களுக்கா! அப்ப இதுதான் கரெக்டு. நூத்தியிருபது பேஸ். ராஜா மாதிரி கீது பாருங்க."

ரத்தச் சிவப்பில், முத்துச்சிப்பிப் பளபளப்போடு ஓர் அக்கார்டியன். இடப்பக்கம் முழுக்க பேஸ் பொத்தான்கள். ஹில்டாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. கீதா அவள் காலை மிதித்தாள்.

மடியில் வைத்துத் துருத்தியை இழுத்தாள். சத்தத்துக்கு முன்னால் உள்ளேயிருந்து காற்று வந்து முகத்தில் அடித்தது. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து வடிந்த வருடம், மரக்கட்டிலும் பீரோவும் மாதக்கணக்கில் அப்படித்தான் நாறின. கீதாவும் மூக்கைச் சுளித்தாள்.

"ஏய், இது உங்க வூட்டு பீரோ வாசன இல்ல?"

"இன்னாக்கா, பழைய சாமான்னா வாசன வராதா? பக்கத்துல ஊதுபத்தி ஏத்தி வெச்சா சரியாப்பூடும்" என்றார் லோகநாதன்.

"உள்ள சத்தம் குடுக்குற ரீடெல்லாம் மெழுகு வெச்சு ஒட்டியிருக்கும். தண்ணி போயிருந்தா ஒண்ணொண்ணா கழண்டு விழும்" என்றாள் ஹில்டா. சொல்லிவிட்டாளே தவிர, அந்தச் சிவப்பைக் கீழே இறக்கிவைக்க மனசே வரவில்லை.

கிடார் உறைகளுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. கறுப்பு, சின்னது, நாற்பத்தெட்டு பேஸ். ஒரு பளபளப்பும் இல்லை. ஒரு கட்டையின் ஓரம் உடைந்திருந்தது. ஹில்டா துருத்தியைக் கட்டியிருந்த பட்டியைக் கழற்றி, எந்தக் கட்டையையும் அழுத்தாமல் தொங்கவிட்டாள். காற்று ஒழுகினால் துருத்தி தொபுக்கென்று விழும். இது விழவில்லை. சோம்பேறி மாதிரி மெல்ல மெல்லத்தான் விரிந்தது. பிறகு ஒவ்வொரு கட்டையாக, இழுத்து ஒரு தரம், அமுக்கி ஒரு தரம். இழுப்புக்குத் தனி ரீடு, அமுக்கலுக்குத் தனி ரீடு என்பதால் இரண்டையும் பார்த்தாக வேண்டும். ஒரே ஒரு கட்டை மட்டும் இழுத்தால் பேசியது, அமுக்கினால் ஊமையாகிவிட்டது.

"தூசிதான் மேடம், இருங்க" என்று லோகநாதன் அங்கேயே திறந்து துடைத்தார். சத்தம் வந்தது.

"ஊமையா இருந்த பெட்டிக்கு ஃபுல் ரேட்டு சொல்லுவீங்களாண்ணா?" கீதா ஆரம்பித்துவிட்டாள்.

"நான் நடந்து பாக்கணும்" என்றாள் ஹில்டா.

மொட்டை மாடிக்குப் போனார்கள். வாரை மாட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்தபடியே அவளுக்கு நன்றாகத் தெரிந்த, பவனியில் பாடும் ஓசன்னா பாட்டை வாசித்தாள். முதல் சுற்றில் துருத்தியும் காலும் சண்டை போட்டன. இரண்டாம் சுற்றில் ஒத்துப்போயின. சத்தம் பெட்டியிலிருந்து வருகிறதா, தன் விலா எலும்புக்குள்ளிருந்து வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கிளிப்பைப் பல்லில் கடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கனத்த சிவப்பைத் தூக்கிக்கொண்டு இப்படி மூன்று சுற்று வர முடியுமா? இதுதான் என்று ஹில்டா முடிவு செய்தாள். முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கீதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி, உங்க பாட்டுத் தலைவருக்கு ஒரு போன் போடு. அவரு பாடட்டும், நீ வாசி. ஒத்து வருதான்னு பாத்துட்டு வாங்கலாம்."

அசரியா அண்ணன் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாடச் சொன்னால் நேரம் காலம் பார்க்கமாட்டார். எந்தச் சுருதியில் எடுப்பார் என்று அவருக்கே தெரியாது. வாய்க்கு வந்த இடத்தில் எடுப்பார், ஆலயம் முழுக்க அவர் பின்னால் போகும். போன் ஸ்பீக்கரில் கணீரென்று பாட்டை எடுத்தார். ஹில்டாவின் இடது கை தானாக மேலே போகப் பார்த்தது. அது பெட்டியின் கைப்பட்டிக்குள் மாட்டியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கீபோர்டில் இடப்பக்கம் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கும். அவர் எங்கே எடுத்தாலும் அதை இரண்டு தட்டுத் தட்டினால் கருவி அவர் சுருதிக்குப் போய்விடும். அவள் விரல்கள் மட்டும் எப்போதும் அதே சி ஸ்கேலில், அதே வெள்ளைக் கட்டைகளில் ஓடும். இத்தனை வருடம் வாசித்த அத்தனை பாட்டையும் அவள் ஒரே ஸ்கேலில்தான் வாசித்திருக்கிறாள். அக்கார்டியனில் அந்தப் பட்டன் கிடையாது. ஒரு வருடம் வீடியோ பார்த்தவளுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

விரல்கள் கறுப்புக் கட்டைகளில் தடுக்கி விழுந்தன. நிறுத்திவிட்டாள். எல்லா ஸ்கேலும் பழக வருடக்கணக்கில் ஆகும். கையில் இருப்பது ஐந்து வாரம்.

கீதாவிடம் சொன்னாள். கீதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவரு எடுக்குற எடத்துக்கு நீ ஏன் போவணும்? நீ வாசிக்கிற எடத்துக்கு அவரு வந்தா இன்னாவாம்?"

அந்த ஆலயத்தில் இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது. ஹில்டா போனைக் கையில் எடுத்தாள்.

"அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க. நான் சுருதி குடுக்குறேன். நீங்க அதப் புடிச்சுப் பாடுங்க."

"எதுக்கு?"

"இந்தப் பெட்டியில மாத்துற பட்டன் இல்லண்ணா."

"அப்ப வேற பெட்டி பாரும்மா."

"எந்த அக்கார்டியன்லயும் இருக்காதுண்ணா."

"அப்ப நீ எல்லா ஸ்கேலும் கத்துக்கோ."

"கத்துக்குவேன். பவனிக்குள்ள முடியாது. நீங்க முன்னால எடுக்குறது பின்னால கேக்க மாட்டேங்குது. இது கேக்கும்." அவரிடம் இவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை.

"முப்பது வருஷமா பாடுறேன். சரி, நேர்ல பாப்போம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அது சம்மதமா, கோபமா? ஹில்டாவுக்குப் புரியவில்லை. லோகநாதன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹில்டா வாரைக் கழற்றவில்லை. "இதையே எடுத்துக்குறேன்" என்றாள். கீதா அரை மணி நேரம் போராடி, உறையையும் புது வாரையும் சேர்த்தே முப்பதாயிரத்துக்குள் அடக்கினாள்.

ஐந்து வாரமும் ஹில்டாவின் வீட்டுக் கூடத்தில் ஓசன்னாதான். அசரியா அண்ணன் ஒத்திகைக்கு வரவே இல்லை, உடம்பு சரியில்லை என்றார்.

குருத்தோலை ஞாயிறு காலை. ஆலய வாசலில் ஓலைகள் உயர்ந்தன. அசரியா அண்ணன் முன்னால் நின்று, அவளைத் திரும்பியே பார்க்காமல், பழையபடி உச்சத்தில் எடுத்தார். ஹில்டா அந்தச் சுருதியைத் துரத்திப் போகவில்லை. ஒரு வரி முழுவதையும் போகவிட்டாள். பிறகு துருத்தியைக் கை நீளும் மட்டும் இழுத்து, தன் சுருதியை அப்படியே தெருவில் இறக்கினாள்.

முதலில் அவளுக்குப் பக்கத்தில் நடந்த பெண்கள் அதைப் பிடித்தார்கள். அடுத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். கடைசியில் நடந்தவர்களின் குரல் முதல் தடவையாக முன்னால் வந்து சேர்ந்தது, அதே வரி, அதே சொல். மேலே அசரியா அண்ணனின் குரல் மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வரி தாங்கியது. அடுத்த வரியில் படிப்படியாக இறங்கி வந்து கூட்டத்தோடு கலந்தது. சரணத்தில் எப்போதும் உடையும் அவர் தொண்டை அன்று உடையவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், இன்னும் பலமாகப் பாடினார். தறி ஓடிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து ஒருவர் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். ஹில்டாவின் தோள் வலித்தது, வியர்வை கண்ணில் இறங்கியது, சிரிப்பை அடக்க முடியவில்லை.

பஸ் போகும் சாலைக்கு வந்ததும் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு அசரியா அண்ணன் கையைத் தூக்கி, வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். திரும்பி நின்று, புருவத்தை உயர்த்தி ஹில்டாவைப் பார்த்தார்.

"ம், குடும்மா."

ஹில்டா அதற்குள் துருத்தியை இழுத்திருந்தாள்.