தொண்ணூற்றாறு மண் பொட்டலங்கள்

மார்ச் 4: அரைத்தவை 96.
மார்ச் 11: நிறுத்தவை 96.
ஏப்ரல் 2: செல்லாதவை 96.
ஏப்ரல் 30: மறுபடி அரைத்து நிறுத்தவை 96.

எங்கள் ஆய்வுக்கூடப் பதிவேட்டில் இவ்வளவுதான் இருக்கும். எடை நிறுத்தவர், நாங்கள் தராசக்கா என்று கூப்பிடுபவர். பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிக வேலை. காய்ந்த மண்ணை மாவாக அரைத்து, இருபது மில்லிகிராம் நிறுத்து, மெல்லிய தகரக் கிண்ணியில் மிளகளவு உருண்டையாக மடித்துக் கொடுப்பார். அதில் நைட்ரஜன்-15 என்ற கனமான வகை நைட்ரஜன் எவ்வளவு என்பதைக் கருவி சொல்லும். ஜூனில் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு இருந்தது. வீட்டில் கணவர் முதுகு ஒடிந்து படுக்கையில், மகள் கல்லூரியில்.

சாணக் கழிவு ஊறிய மண்ணில் கனமான நைட்ரஜன் கூடுதலாக இருக்கும். ஒரு மாட்டுப் பண்ணையின் கழிவு பக்கத்து வயல்களில் இறங்குகிறதா என்பதே கேள்வி. பண்ணையருகே மிக அதிகம், தள்ளிப் போகப்போகக் குறைவு என்று முடிவு வந்தது. ஆய்வை நடத்திய பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. அறிக்கை போனால் பண்ணையை மூடிவிடுவார்கள்.

தராசக்காவுக்கு மட்டும் சந்தேகம். மார்ச் 4 அன்று அவருடைய அரவை மிஷின் பழுது. வேறொரு சோதனைக்காகக் கனமான நைட்ரஜன் உரம் போட்ட மண்ணுக்கென்று சிவப்பு நாடா ஒட்டி ஒதுக்கிய மிஷினை இரண்டு முறை கழுவிவிட்டு, அதில் அரைத்திருந்தார். பண்ணையருகே எடுத்த மண்ணைத்தான் முதலில் அரைத்தார். மிஷினில் ஒட்டியிருந்த பழைய தூசு முதல் பொட்டலங்களில் ஏறி, போகப்போகக் குறைந்திருக்கிறது.

கருவியை ஓட்டுபவரிடம் சொன்னார். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ரெண்டு மாசம் வாயைத் தைச்சு வச்சுக்குங்கக்கா. ஆர்டர் கைக்கு வரட்டும்."

"அதுக்குள்ள அந்தப் பண்ணைக்காரரு மாட்டையெல்லாம் வித்துடுவாரு தம்பி."

"அவரு உங்களுக்கு மாமனா, மச்சானா?"

"ஒண்ணுமில்ல. என் கை அழுக்குக்கு அவரு எதுக்குக் குளிக்கணும்?"

அக்கா போய்ச் சொன்னபோது பேராசிரியர் திட்டவில்லை. நடந்ததை எழுதித் தரச் சொன்னார். அக்கா எழுதிக் கொடுத்தார். அரைக்காமல் மீதியிருந்த மண்ணை, ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து, வரிசையைக் கலைத்துப்போட்டு, பழுது நீக்கிய தன் மிஷினில் அரைத்தார். விரல் நடுங்கினால் தராசின் எண் நிலைக்காது. மூச்சை அடக்கிக் காத்திருப்பார். உட்கார்ந்தபடியே அவர் கண்ணயர்ந்ததை இருமுறை பார்த்தேன்.

புது முடிவில் பண்ணை மண்ணுக்கும் மற்ற மண்ணுக்கும் வித்தியாசம் இல்லை. பண்ணைக்காரருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

மே 19 அன்று அக்காவிடம் விளக்கம் கேட்டு நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜூன் 6 அன்று, நிரந்தரம் தள்ளிவைக்கப்பட்டதாக இன்னொன்று. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற கடைசிக் கடிதம் இரண்டே வரி. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்து மடித்து வைத்துவிட்டு, தட்டில் மிச்சமிருந்த ஏழு கிண்ணிகளையும் நிறுத்து முடித்தார். அந்தக் கடிதம் வந்த தேதி ஜூன் 27.